இறங்க மறுத்த எஞ்சின்

கரக்பூரில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் விசேஷம் என்றால், அண்டாவும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு அதிகாலையில் வாசலில் வந்து நிற்கும் அந்தப் பச்சை நிறப் பிக்-அப் வண்டியை அறியாதவர் இல்லை. சங்கத்தின் பொங்கல் விழாவுக்குக் கரும்புக் கட்டுகளையும், நவராத்திரிக்குக் கொலுப் படிகளையும் சுமந்து வருவதும் அதுவே. அதன் சொந்தக்காரரை இங்கே அண்ணாச்சி என்று மட்டும் குறிப்பிடுகிறேன். பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து வந்து, சமையல் ஒப்பந்தம் எடுத்து, அந்த ஒரு வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துபவர். சென்ற ஆவணி மாதத்தில் அவ்வண்டியின் எஞ்சினைக் கீழே இறக்க வேண்டி நேர்ந்தது. ஒரே நாளில் முடியும் என்று எண்ணித் தொடங்கிய வேலை நான்கு நாட்களை விழுங்கிவிட்டது. உடனிருந்தவன் என்ற முறையில், நடந்ததை எழுதித் தருமாறு பத்திரிகைக் குழுவினர் என்னைக் கேட்டார்கள். நான் மோட்டார்த் தொழில் பயின்றவன் அல்லன். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. ஆயினும் நம்மவர்களில் பழைய வண்டி ஒன்றை வைத்துப் பிழைப்பவர்கள் பலர் இருப்பதால், எங்களுக்கு நேர்ந்த இடறல்கள் அவர்களுக்கு உதவக்கூடும் என்று எழுதலானேன்.

வண்டி பதிவாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். அதன் பின்னால் கையால் மாற்றும் ஐந்து கியர் பெட்டி. அங்கிருந்து நீண்ட தண்டு ஒன்று பின் சக்கரங்களுக்குச் செல்கிறது. ஆனி மாதம் முதலே காலையில் கிளப்புவது கஷ்டமாயிற்று. நீலப் புகை வந்தது. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால், கொதிக்கும் பானையைப் போல் குப்குப்பென்று ஆவி வெளிப்பட்டது. டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி கிடையாது. உள்ளே இழுக்கப்படும் காற்று 18 முதல் 20 மடங்கு வரை சுருக்கப்பட்டு, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் தேய்ந்துவிட்டால் காற்று பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. சூடு போதாமல் எஞ்சின் கிளம்ப மறுக்கிறது. எஞ்சினைக் கழற்றிச் சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டன் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கோல்பஜார்ப் பக்கத்து மிஸ்திரி சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி மூன்று வழிகளை எண்ணிப் பார்த்தார். வண்டியைப் பழைய இரும்புக்காரனுக்குத் தள்ளிவிட்டு ஊருக்கே திரும்பிவிடுவது ஒன்று. அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அறுபதை நெருங்கும் மனிதர், ஊரில் தம்பியின் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. மற்றொன்று, கல்கத்தா மல்லிக் பஜாரில் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்துவது. இதில் அன்பர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. எஞ்சினுக்கு ஓர் எண் உண்டு. அது வண்டியின் பதிவுச் சான்றிலும் எழுதப்பட்டிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துச் சான்றில் திருத்தம் பெறவேண்டும். எங்கிருந்து வந்தது என்று காகிதம் இல்லாத எஞ்சினை வாங்குகிறவன் இலாபத்தை வாங்குவதில்லை, வழக்கை வாங்குகிறான். மூன்றாவது வழி, உள்ள எஞ்சினையே புதுப்பிப்பது. அதற்குக் கடைசல் பட்டறைச் செலவும் உதிரிப் பாகச் செலவும் போக, இறக்கி ஏற்றும் கூலி மட்டும் 9,000 ரூபாய் என்றார்கள். துர்க்கா பூஜைக்குள் மூன்று ஒப்பந்தங்கள் கையில் இருந்தன. இரண்டுக்கு முன்பணம் வாங்கிச் செலவும் ஆகிவிட்டது.

பேச்சு இரும்புக்காரன் பக்கம் சாய்ந்தபோது, திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினி தலை நிமிராமலே, "வண்டியை வித்துட்டு அண்டாவை யார் தலையில ஏத்தப்போறீக?" என்று கேட்டார். அத்துடன் அந்த வழி அடைபட்டது. உழைப்பு எங்களுடையது, மாலையில் தம் கடையைச் சாத்திவிட்டு வந்து வழிகாட்டுவது மட்டும் மிஸ்திரியின் பங்கு, அதற்கு ஒரு சிறு தொகை என்று முடிவாயிற்று. அவர் வங்காளி, வயதில் மூத்தவர், நாங்கள் தாதா என்றே அழைத்தோம். உழைக்க வந்தவர்கள் அண்ணாச்சி, அவருடைய பத்தொன்பது வயது மகன், பிறகு விடுப்பு எடுத்துக்கொண்ட நான்.

முதல் நாள் முழுவதும் கழற்றுகிற வேலை. பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் அகற்றினோம்; மற்றதை முதலில் தொட்டு ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். பானெட்டின் கீல்களைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்ட பிறகே போல்ட்டுகளைத் திருகினோம். திரும்பப் பொருத்தும்போது அந்தக் கோடு அரைநாள் வேலையை மிச்சப்படுத்தியது. ரேடியேட்டர் நீரைத் தொட்டியில் பிடித்து உடனே மூடி வைத்தோம். அதில் கலந்திருக்கும் குளிர்விப்பான் திரவம் நாவுக்கு இனிப்பானது, ஆனால் கொடிய நஞ்சு. தெரு நாய்களும் குழந்தைகளும் திரியும் காலனியில் இதைக் கால்வாயில் ஊற்றுவது பாவம். எஞ்சின் எண்ணெயை மூடியுள்ள டப்பாவில் சேர்த்தோம். டீசல் குழாய்களின் வாயைத் துணியால் அடைக்காமல், சுத்தமான பிளாஸ்டிக் மூடிகளால் அடைக்கச் சொன்னார் தாதா; துணியின் ஒரு நூல் போதும், டீசல் பம்பைக் கெடுக்க.

கம்பிகளைக் கழற்றும் வேலையை நான் ஏற்றேன். எஞ்சினுக்குப் போகும் ஒவ்வொரு கம்பிக்கும் குழாய்க்கும் பார்சலில் கட்டுவது போன்ற அட்டைச் சீட்டு ஒன்றைக் கட்டி, எண் போட்டு, எங்கிருந்து எங்கே செல்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் பதிந்தேன். சீட்டுகள் கடையில் காசு கொடுத்து வாங்கியவை. அலுவலகத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மொத்தம் 23 சீட்டுகள். கழற்றிய போல்ட்டுகளை, எஞ்சினின் படத்தை ஒரு பெரிய அட்டையில் வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தோம். கிளச் எண்ணெய்ச் சிலிண்டரைக் குழாயைப் பிரிக்காமல் அவிழ்த்து ஓரமாகக் கட்டினோம். அப்படிச் செய்தபின் கிளச் மிதியை எவரும் மிதிக்கக்கூடாது. பையனுக்கு வண்டியில் ஏறினால் மிதிகளை மிதித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆகவே மிதியின் அடியில் ஒரு கட்டையைச் செருகி வைத்தோம்.

அன்று எங்களைச் சோதித்தவை சைலன்சர்க் குழாயை எஞ்சினோடு பிணைக்கும் மூன்று நட்டுகள். பதினான்கு மழைக்காலத்துத் துருவும் அன்றாடச் சூடும் சேர்ந்து அவற்றை மறையோடு மறையாக ஒட்டிவிட்டிருந்தன. இதில் அவசரம் காட்டினால் ஸ்டட் ஒடியும். ஒடிந்தால் துளையிட்டு எடுக்கவேண்டும். கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சி, சுத்தியலால் மெல்லத் தட்டி, இரவு முழுவதும் ஊறவிட்டோம். மறுநாள் காலை முதலில் இறுக்கும் பக்கம் ஓர் இழை அசைத்து, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்பினோம். இரண்டு நட்டுகள் முனகிக்கொண்டு வந்தன. மூன்றாவதை உளியால் பிளந்து எடுத்தோம், ஸ்டட் பிழைத்தது. கேஸ் விளக்கால் சூடு காட்டலாமே என்று பையன் கேட்டான். டீசல் குழாய் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது, எண்ணெய் பீய்ச்சிய இடத்தில் நெருப்பைக் காட்டுவது சரியன்று.

இனி எஞ்சினும் கியர்ப் பெட்டியும் எவ்வாறு இணைந்திருக்கின்றன என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் துன்பம் முழுவதும் அந்த இணைப்பில்தான் இருந்தது. எஞ்சினின் பின்முகத்தில் கனமான ஃப்ளைவீல் சுழல்கிறது. அதன்மேல் கிளச் தட்டு. கியர்ப் பெட்டியின் முன்பகுதி மணியைப் போல் விரிந்து, இவற்றை மூடிக்கொண்டு எஞ்சினோடு பொருந்துகிறது. அதைப் பெல் ஹவுசிங் என்பார்கள். சுற்றிலும் போல்ட்டுகள். போல்ட்டுகள் பிடித்துக்கொள்ள மட்டுமே. இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே அச்சில் நிற்பதற்கு, இருபுறமும் ஒவ்வோர் எஃகு முளை துளைக்குள் இறுக்கமாக நுழைந்திருக்கிறது. கியர்ப் பெட்டியிலிருந்து நீண்டு வரும் தண்டு, கிளச் தட்டின் நடுவே உள்ள பல்வரிகளின் ஊடே சென்று, தன் கூர்முனையை எஞ்சினின் முதன்மைத் தண்டின் பின்முனையில் உள்ள பைலட் பேரிங் என்ற சிறிய வளையத்துக்குள் வைத்திருக்கிறது. ஆகவே போல்ட்டுகளை எல்லாம் கழற்றியபின்னும் எஞ்சினை நேரே மேலே தூக்க முடியாது. முதலில் ஒரு சாண் தூரம், கியர்ப் பெட்டியின் நேர்க்கோட்டிலேயே முன்னால் நகர்த்த வேண்டும். உறையிலிருந்து வாளை உருவுவது போல. வாளைச் சாய்த்து இழுத்தால் உறையும் கெடும், வாளும் கெடும்.

எஞ்சினைத் தூக்குவதற்கு வீட்டின் முன்னிருந்த மாமரத்துக் கிளையைப் பயன்படுத்தலாம் என்று அக்கம்பக்கத்தார் யோசனை சொன்னார்கள். அவ்வெஞ்சின் 200 கிலோவுக்குக் குறையாது. மாமரக் கிளை எந்தக் கணத்தில் முறியும் என்று எவரும் கணக்குப் போட்டுச் சொல்ல இயலாது. ஆழ்துளைக் கிணற்றில் பம்பு இறக்குகிறவர்களிடம் மூன்று இரும்புக் குழாய்க் கால்கள் கொண்ட முக்காலியும், ஒரு டன் தாங்கும் சங்கிலிக் கப்பியும் வாடகைக்குக் கிடைத்தன. மழையால் நெகிழ்ந்த தரையில் கால்கள் புதையாதிருக்கக் கனத்த பலகைகளை இட்டோம். கால்கள் விரிந்துவிடாதிருக்க மூன்றையும் அடியில் சங்கிலியால் பிணைத்தோம். எஞ்சினின் தலையில் தூக்குவதற்கென்றே முன்னும் பின்னும் இரண்டு கொக்கிகள் உண்டு; அவற்றில்தான் சங்கிலி. தொங்கும் பளுவின் அடியில் எவர் உடம்பின் எந்தப் பகுதியும் போகக்கூடாது என்பதை அண்ணாச்சியும் நானும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்கு மேலிருந்தும் கை எட்டாது, பக்கத்திலிருந்தும் எட்டாது. கியர்ப் பெட்டியின் வாலைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை அகற்றி, அடியில் ஜாக்கி வைத்து, வாலை நான்கு விரற்கடை கீழே இறக்கினால், பின்னாலிருந்து நீண்ட கம்பி வைத்த சாக்கெட்டால் அவற்றைத் திருகலாம். அவ்வாறே செய்தோம். செல்ஃப் மோட்டாரின் இரண்டையும் சேர்த்து ஒன்பது போல்ட்டுகள் வந்தன. அட்டையில் ஒன்பதையும் குத்தி வைத்தேன். எஞ்சினைத் தாங்கும் இரண்டு ரப்பர் மவுண்டிங்குகளையும் அவிழ்த்தோம். இரண்டாம் நாள் பகல் இரண்டு மணி. இன்னும் அரை மணியில் எஞ்சின் வெளியே வந்துவிடும் என்று மதினியிடம் சொல்லிக் காப்பி கேட்டோம்.

எஞ்சின் வரவில்லை.

முன்னால் தள்ளிப் பார்த்தோம், அசைத்துப் பார்த்தோம். பெல் ஹவுசிங்கின் உச்சியில் தீக்குச்சி நுழையும் அளவு இடைவெளி தெரிந்தது, அத்துடன் நின்றுவிட்டது. கப்பியின் சங்கிலியை இன்னும் இரண்டு முழம் இழுக்கச் சொன்னவன் நானே. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வண்டியின் மூக்கு மேலே எழும்பத் தொடங்கியது. முன் சக்கரங்களின் ஸ்பிரிங்குகள் விரிந்தன. எஞ்சினைத் தூக்குவதாக எண்ணி நாங்கள் வண்டியையே தூக்கிக்கொண்டிருந்தோம். அந்நிலையில் இணைப்பு திடீரென்று விட்டுக்கொடுத்திருந்தால், எஞ்சின் எகிறி எங்கள் முகத்தில் அடித்திருக்கும். அண்ணாச்சி அதைக் கண்டு, "நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்க!" என்று கூவினார். சங்கிலியைத் தளர்த்தினோம்.

துருப்பிடித்த முளைகளே காரணம் என்று பையன் தீர்மானித்தான். நாங்கள் மற்றொரு புறம் பேசிக்கொண்டிருந்த வேளையில், உச்சியில் தெரிந்த இடைவெளியில் கடப்பாரையின் நுனியை வைத்து நெம்பினான். டிக் என்று ஒரு சத்தம். அலுமினிய விளிம்பில் நகக்கண் அளவு ஒரு வடு. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் கடப்பாரையை வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் போட்டார். பெல் ஹவுசிங் வெடித்தால் அந்தச் செலவில் மீண்டும் இரும்புக்காரனின் பேச்சுத்தான் எழும் என்பது மூவருக்கும் தெரியும். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைப் போர்த்திவிட்டு உள்ளே போனோம். ஆறிப்போன காப்பியை மதினி மறுபடி சுடவைத்துக் கொடுத்தார். அன்றிரவு அந்த வீட்டில் பேச்சு அதிகமில்லை.

மாலையில் வரவேண்டிய தாதா மழையினால் வராமல், மறுநாள் காலையில் வந்தார். எஞ்சினைத் தொடவில்லை. எத்தனை போல்ட்டுகள் என்று கேட்டார். ஒன்பது என்று அட்டையைக் காட்டினேன். துளைகள் எத்தனை என்று கேட்டார். நான் விழித்தேன். கழற்றியவற்றை எண்ணினேனே தவிர, துளைகளை எண்ணவில்லை. பார்சல் அலுவலகத்தில் இந்தத் தவற்றை ஒரு புதிய குமாஸ்தா செய்தால் நானே கண்டிப்பேன். இறங்கிய மூட்டைகளை எண்ணிவிட்டு 'சரி' என்று எழுதக்கூடாது. வழிச்சீட்டில் எத்தனை என்று பார்த்து, அதோடு ஒப்பிட்டே எழுதவேண்டும். பதினைந்து வருஷம் அதைச் செய்தவனுக்கு எஞ்சின் முன்னால் அது மறந்துபோயிற்று.

இடைவெளி உச்சியில் மட்டும் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்றார் தாதா. கியர்ப் பெட்டியின் வால் தாழ்ந்திருந்தால் அதன் முகம் மல்லாந்து, உச்சி விரியும். உண்மையில் நாங்கள் போல்ட்டுக்காக இறக்கிய வாலைத் திரும்ப உயர்த்த மறந்திருந்தோம். ஜாக்கியை உயர்த்தினார், உச்சி இடைவெளி மூடிக்கொண்டது. மீண்டும் முன்னால் தள்ளச் சொன்னார். மறுபடியும் உச்சியே திறந்தது, அடி திறக்கவில்லை. அப்படியானால் அடியில் ஏதோ பிடித்திருக்கிறது. வண்டிக்கடியில் படுத்து, பெல் ஹவுசிங்கின் அடியில் விரல் கனத்துக்கு உறைந்திருந்த எண்ணெய்ச் சேற்றைத் தகட்டால் சுரண்டி, மண்ணெண்ணெயால் கழுவினார். ஃப்ளைவீலின் கீழ் மூடியாக ஒரு மெல்லிய தகடு. அதன் ஓரத்தில், மற்றவற்றுக்கு எதிர்த்திசையில், எஞ்சின் பக்கமிருந்து கியர்ப் பெட்டிக்குள் சென்ற ஒரு போல்ட்டின் தலை தெரிந்தது. பத்தாவது போல்ட். சுண்டுவிரல் பருமன்தான். ஒரு டன் கப்பியை எதிர்த்து நின்றது அதுவே.

அதைக் கழற்றியபின் இடைவெளி ஒரு விரற்கடை விரிந்து, வலப்புறத்தில் நின்றது. இப்போது தடுத்தது முளைதான். பையன் சொன்னது பாதி உண்மை. எஃகு முளையும் அலுமினிய ஹவுசிங்கும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்போது அலுமினியமே அரிக்கப்படுகிறது. அரிப்பில் விளையும் வெள்ளைப் பொடி, இருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு முளையை நெரிக்கிறது. இதற்கு மருந்து பலம் அன்று. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து, கருவேலங் கட்டையை வைத்து ஹவுசிங்கின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். பிறகு இரண்டு மெல்லிய மர ஆப்புகளை எடுத்து, இடப்புறம் ஒரு தட்டு, வலப்புறம் ஒரு தட்டு என்று மாறி மாறி இறக்கினார். இடைவெளி நான்கு புறமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரே கனமுள்ள நாணயங்களைச் செருகிப் பார்த்தார். ஒரு புறம் மட்டும் விரிந்தால் முளை கோணிக்கொண்டு முன்னைவிட இறுகும். "ஜோர் நஹீ, சீதா," என்றார் பையனைப் பார்த்து. பலம் வேண்டாம், நேராக இருந்தால் போதும்.

வெள்ளைப் பொடி உதிர்ந்து, முளை விட்டது. மூன்று விரற்கடை வந்தபின் எஞ்சின் மறுபடி நின்றது! இம்முறை தண்டின் கூர்முனை பைலட் பேரிங்கிற்குள் பிடித்திருந்தது. இந்தக் கட்டத்தில் எஞ்சினைத் தொங்கவிட்டு இளைப்பாறப் போகிறவர்கள் பலர் என்றும், அதனால் கியர்ப் பெட்டியின் பளு முழுவதும் தண்டின்மேல் ஏறிக் கிளச் தட்டு வளைந்துபோகும் என்றும் சொல்லி, தாதா எங்களை நகரவிடவில்லை. எஞ்சினின் முன்பக்கப் புல்லியின் நடு நட்டில் பெரிய ஸ்பானரை மாட்டி, பையனை முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்பச் சொன்னார். அண்ணாச்சி ஜாக்கியை ஒரு சமயம் அரைச் சுற்று ஏற்றினார், ஒரு சமயம் இறக்கினார். நான் எஞ்சினை முன்னால் அணைத்துத் தள்ளியபடி நின்றேன். கால் மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு, கிணற்றில் வாளி நழுவுவதுபோல், ஓசையின்றி எஞ்சின் என் பக்கம் ஒரு சாண் வந்தது. அண்ணாச்சி ஜாக்கியின் பிடியைக் கையில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முக்காலி நகராது, ஆகவே எஞ்சினை உயரே தூக்கியபின் வண்டியைத்தான் பின்னால் தள்ள வேண்டும். அதற்கு முன் கியர்ப் பெட்டியின் குறுக்குச் சட்டத்தைப் பூட்டி, அதன் முன்முனையைச் சேசிஸின் குறுக்கே வைத்த இரும்புக் கம்பியில் சங்கிலியால் கட்டினோம். எஞ்சினைப் பழைய டயர் ஒன்றின்மேல் இறக்கியபோது மாலை நாலரை மணி.

திறந்து பார்த்ததில் பைலட் பேரிங்கின் உருளைகள் துருவாகிப் பொடிந்திருந்தன. கிளச் தட்டு ரிவெட்டு வரை தேய்ந்திருந்தது. நான்காம் நாளில் சிலிண்டர்களைக் கடைசல் பட்டறையில் அளந்து, 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்களுக்குக் கடையலாம் என்றார்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போதே பைலட் பேரிங், கிளச் தட்டு, கிளச் பேரிங், எஞ்சினின் பின் எண்ணெய் சீல் ஆகிய நான்கையும் மாற்றினோம். விலை பெரிதல்ல, ஆனால் இவற்றில் ஒன்று பிறகு கெட்டாலும் இதே நான்கு நாட்களை மறுபடி செலவிட நேரும்.

கடப்பாரை பட்ட இடத்தை நான் மறக்கவில்லை. அந்த விளிம்பை மண்ணெண்ணெயால் நன்றாக நனைத்து, துடைத்து உலர்த்தி, சாக்கட்டிப் பொடியைத் தூவினோம். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கருங்கோடாகத் தெரியும். ரயில்வே பட்டறைகளில் அச்சுகளைச் சோதிக்க ஒரு காலத்தில் கையாண்ட முறை இது. இன்று ஒலி அலைக் கருவிகள் வந்துவிட்டன. நாங்கள் மூவரும் கண் கொட்டாமல் அரை மணி பார்த்திருந்தோம். பொடி வெள்ளையாகவே இருந்தது. பையன் அப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

பொருத்துவது இரண்டு நாள் வேலை. முளைகளைத் தேய்த்துக் கிரீஸ் பூசினோம். கிளச் தட்டைப் பழைய தண்டுத் துண்டு ஒன்றை வைத்து நடுவில் நிறுத்தி இறுக்கினோம். எஞ்சின் முகமும் ஹவுசிங் முகமும் கைப்பலத்திலேயே ஒன்றோடொன்று படிய வேண்டும். கடைசி அரை அங்குலத்தைப் போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாம் என்று பலரும் நினைப்பார்கள். ஹவுசிங்கின் காது ஒடிவது அங்கேதான். இரண்டு முறை பின்னால் இழுத்து, கோணம் திருத்தி, மூன்றாம் முறை படிந்தது. பத்துத் துளைகள், பத்துப் போல்ட்டுகள். இம்முறை இரண்டையும் எண்ணினேன். டீசல் குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்பால் வெளியேற்றி, அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். நான்காவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் வெண்புகை, பிறகு புகையே இல்லை. மதினி வாசலில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

முதல் ஒப்பந்தத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே வண்டி தயாராகிவிட்டது. அண்டாக்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அன்று, வழியில் நின்ற மாட்டை விலக்க அண்ணாச்சி ஹாரனை அழுத்தினார், சத்தம் வரவில்லை. வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். 22 சீட்டுகளுக்கு நேரே பொருத்தியதற்கான குறி இருந்தது. 14-ஆம் எண் சீட்டு, ரேடியேட்டரின் ஓரத்தில், கம்பியோடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.